ஆடுதலும் நடித்தலும்: மட்டக்களப்புத் தென்கரையில் நடிப்பு என்னும் கருத்து

வீரமுனையும் காரைதீவும் பாண்டிருப்பும் அடங்கிய அம்பாறைக் கரையோரத்தில், ஆற்றுகையைக் குறிக்கும் பேச்சுவழக்கில் இரண்டு வினைச்சொற்கள் தெளிவான எல்லையோடு வழங்குகின்றன. கூத்து ‘ஆடப்படுகிறது’, நாடகமும் திரைப்படமும் ‘நடிக்கப்படுகின்றன’. கூத்துக்கு உரிய இதே ‘ஆடு’ என்னும் வினைதான் அம்மன் கோயில் முன்றிலில் உரு வந்தவரைக் குறிக்கவும் பயன்படுகிறது: தெய்வமும் ‘ஆடுகிறது’. ஒத்திகை பார்த்து, பாட்டு மனனம் செய்து, சதங்கை கட்டி மேடையேறும் கூத்தனுக்கும், தன் நினைவு தப்பிய நிலையில் வேப்பிலையோடு ஆடுபவருக்கும் ஒரே வினையைக் கொடுத்த சமூகம், நாடக மேடையிலும் கமராவுக்கு முன்னும் நிற்பவருக்கு மட்டும் வேறொரு வினையைக் கொடுத்திருப்பது தற்செயலன்று. நடிப்பு என்பது உடலில் எங்கே தொடங்குகிறது, அதனை ஆள்வது யார் என்னும் வினாக்களுக்கு இப்பகுதி மக்கள் தம் வழக்கிலேயே விடை வைத்திருக்கிறார்கள் என்பதும், அந்த விடை தமிழ் நாடக இலக்கணத்தின் பழைய விடையோடு நெருங்கி நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலப்பரப்பைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டில்தான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆதலால் கலை வரலாற்றில் ‘மட்டக்களப்புக் கூத்து’ என்று வழங்கும் மரபு கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் வரையான தென்கரையையும் உள்ளடக்கியது. தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் இந்து ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையில், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் ஆலயத்தால் பெயர்பெற்ற வீரமுனை சம்மாந்துறையை ஒட்டிக் கிடக்கிறது. காரைதீவு கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. பாண்டிருப்பு கல்முனைக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ளது. நடிப்பின் வெவ்வேறு நிலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இத்தனை நெருக்கமான களம் தமிழுலகில் அரிது.

காரைதீவிலிருந்து மதுரைக்கு

நடிப்புக் கலையைக் குறித்து இருபதாம் நூற்றாண்டில் தமிழில் எழுந்த முதன்மையான ஆய்வுகளுள் ஒன்றை எழுதியவர் இக்கரையைச் சேர்ந்தவர் என்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. 1892இல் காரைதீவில் பிறந்து மயில்வாகனம் என்னும் பெயரோடு வளர்ந்த சுவாமி விபுலாநந்தர், 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகத் தமிழைப் பற்றி ஆற்றிய உரையை விரித்து எழுதினார். சங்கம் அதனை 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலாக வெளியிட்டது. மதங்கர் என்றால் கூத்தர். சூளாமணி என்றால் முடியில் அணியும் மணி. கூத்தருள் முடிமணி என்று அவர் போற்றியது ஷேக்ஸ்பியரை. அப்பெயரையும் அவர் ‘செகசிற்பியார்’ என்று தமிழாக்கிக்கொண்டார்.

நூல் மூன்று இயல்களால் ஆனது. உறுப்பியல் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையையும் ஆதாரமாகக் கொண்டு நாடகத்தின் உறுப்புகளை ஆராய்கிறது. எடுத்துக்காட்டியல் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் வாசகருக்குக் காட்டுகிறது. ஒழிபியல், தனஞ்சயர் வடமொழியில் இயற்றிய தசரூபகத்தின் நாடக இலக்கணத்தைச் சுருக்கித் தருகிறது. தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய மூன்று மரபுகளையும் ஒரே தளத்தில் நிறுத்திப் பார்க்கும் இத்துணிவு அக்காலத்தில் புதியது. ஆயினும் இம்மூன்று இயல்களுக்கும் அடித்தளமாக அமைந்தவை ஏடுகளும் அச்சு நூல்களுமே. அவர் பிறந்த ஊரைச் சூழ்ந்த களரிகளில், அதாவது கூத்தரங்குகளில், விடிய விடிய ஆடப்பட்ட கூத்து இந்நூலின் மையப் பொருளாக வரவில்லை. பழந்தமிழ் நாடக நூல்கள் அழிந்துபோயின என்று அறிஞர் வருந்திய காலத்தில், அந்நூல்கள் பேசிய செய்முறை வேறோர் உருவில் கூத்தாசான்களாகிய அண்ணாவிமாரின் காலடியில் உயிரோடு இருந்தது.

அடியார்க்குநல்லார் உரையில் நடிப்பாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும் பகுதி அவிநயம் பற்றியது. அவிநயமாவது உள்ளக் கருத்தைப் பார்ப்போர் உணரும்படி உடலால் வெளிப்படுத்துதல். அதன் இருபத்துநான்கு வகைகளை அவ்வுரை அடுக்குகிறது. வெகுண்டோன், ஐயமுற்றோன், சோம்பினோன், களித்தோன், நாணமுற்றோன் என உள்ளநிலைகள் அதில் உள்ளன. உறங்கினோன், துயிலுணர்ந்தோன், தலைநோவுற்றோன், கண்ணோவுற்றோன் என உடல்நிலைகளும் உள்ளன. மழை பெய்யப்பட்டோன், பனித்தலைப்பட்டோன், வெயிற்றலைப்பட்டோன் எனச் சூழல் உடலைத் தாக்கும் நிலைகளும் உள்ளன. நஞ்சுண்டோனும் செத்தோனும்கூட உள்ளனர். சினமும் தலைநோவும் மழையில் நனைதலும் ஒரே பட்டியலில் இடம்பெறுவது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நடிகனின் நோக்கில் இது முற்றிலும் பொருத்தமானது: உள்ளத்தில் எழுந்த சினமாயினும் மேலே விழுந்த மழையாயினும், பார்ப்போருக்கு அது உடலின் வழியாகவே புலப்பட வேண்டும். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என வகுத்த எட்டு உணர்வுகளுக்கும் ‘மெய்ப்பாடு’ என்றே பெயரிட்டார். மெய்யின்கண் படுவது, அதாவது உடலில் தோன்றுவதே, மெய்ப்பாடு. உணர்ச்சியை உடலின் நிகழ்வாகக் கருதும் இவ்விலக்கணத்தில், நடிப்பு உடலிலிருந்து தொடங்குவதாகவே கொள்ளப்பட்டது.

இருபத்துநான்கனுள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு: தெய்வமுற்றோன். தெய்வம் ஏறியவனின் நிலையையும் கூத்தன் அவிநயித்துக் காட்ட வேண்டும் என்று இலக்கணம் கூறுகிறது. தெய்வம் ஏறுதல் வேறு, தெய்வம் ஏறியவனாக ஆடிக் காட்டுதல் வேறு என்னும் தெளிவு இங்கே அடங்கியிருக்கிறது. அத்துடன், முன்னதை உற்றுநோக்கியே பின்னதைக் கற்க முடியும் என்னும் உண்மையும் அடங்கியிருக்கிறது.

பாத்திரம் உடலைக் கொள்ளுதல்

அந்த வேறுபாட்டைப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் காணலாம். பாரதக் கதையை அடியொற்றிப் பதினெட்டு நாள் நிகழும் இவ்விழாவில், ஊரவர் பாண்டவரின் கோலம் பூண்டு வனவாசம் செல்கின்றனர். அருச்சுனன் தவநிலை ஏறுகின்றான். இறுதியில் தீமிதிப்பு நடைபெறுகிறது. கோலம், கதை, உரிய இடம், திரண்டிருக்கும் மக்கள் என நாடகத்துக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இங்கே உள்ளன. எனினும் இதனை ஒருவரும் நாடகம் என்று சொல்வதில்லை. கோலம் பூண்டவர் நோன்பிருக்கிறார். வனவாசத்துக்குப் புறப்படும் பாண்டவரை வழியிலுள்ள மக்கள் வணங்கி நிற்கிறார்கள். அவர் நன்றாகச் செய்தாரா என்பது இங்கே வினாவாக எழுவதில்லை. முறைப்படி செய்தாரா என்பதே வினா. திறமையை அளக்கும் பார்வையாளன் இங்கே இல்லை. பங்கேற்கும் அடியவனே இருக்கிறான்.

இதற்கு நேர் எதிர்முனையில், அதே கரையின் முஸ்லிம் ஊர்களில் வளர்ந்த பொல்லடியை வைத்துப் பார்க்கலாம். களிகம்பு என்றும் வழங்கும் இதில், கையில் இரு பொல்லுகள் ஏந்திய ஆடவர் வட்டமாக நின்று, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் திரும்பி, அடுத்தவரின் பொல்லோடு தம் பொல்லை மோதி ஆடுகின்றனர். தாளம் விரைய விரைய அடவுகள் சிக்கலாகின்றன. ஒருவர் அரைக்கணம் பிந்தினால் வட்டம் முழுவதும் குலைந்துவிடும். இங்கே உடற்பயிற்சியும் தாளக்கட்டும் கூட்டொழுங்கும் உச்சத்தில் உள்ளன. ஆனால் பாத்திரம் என்று ஒன்று இல்லை. ஆடுபவர் வேறொருவராகத் தம்மைக் காட்டுவதில்லை.

ஆகவே ஒரு முனையில், பாத்திரம் உடலை முழுமையாகக் கொண்டுவிடுகிறது. உரு ஏறியவரின் அசைவைத் தாளம் தூண்டலாம், கட்டுப்படுத்துவதில்லை. மறுமுனையில், தாளம் உடலை முழுமையாக ஆள்கிறது, பாத்திரத்துக்கு இடமில்லை. கூத்து இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாத்திரமும் உண்டு, தாளமும் உண்டு. பாத்திரம் தாளத்தின் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது. கூத்துக்குத் தெய்வத்துக்குரிய வினையைக் கொடுத்த வழக்கின் உட்பொருளை இங்கிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

களரியில் கூத்தன்

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைக் கொள்வது. அதன் ஆட்டம் வேகமும் வீறும் மிக்கது. அரசர்க்குரிய பாத்திரங்கள், கரப்பு எனப்படும் கூட்டின் வடிவில் விரிந்து நிற்கும் கனமான ‘கரப்புடுப்பு’ அணிவர். தென்மோடியில் காதலும் கற்பனைக் கதைகளும் மிகுதி, உடுப்பு இலகுவானது, ஆட்ட அடவுகளோ நுணுக்கமானவை. உடுப்பின் கனமும் ஆட்டத்தின் நுணுக்கமும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்தவனால் நுண்ணிய காலடிகளை நெடுநேரம் போட இயலாது. பாய்ச்சலும் சுழற்சியும் நிமிர்வுமே அவனுக்கு உரியவை. அரசனின் பெருமிதம் கூத்தனின் மனத்தில் எழுவதற்கு முன்னரே அந்த உடுப்பு அவன் முதுகை நிமிர்த்திவிடுகிறது.

பயிற்சி நெடியது. அண்ணாவியார் எனப்படும் ஆசான், ஊரவரின் குரலையும் உடற்கட்டையும் பார்த்து யாருக்கு எப்பாத்திரம் என்று தீர்மானிப்பார். அவரவர் பாட்டும் வசனமும் எழுதப்பட்ட பகுதி ‘சட்டம்’ எனப்படும். அதனை முறைப்படி வழங்குவது ‘சட்டம் கொடுத்தல்’. அதன்பின் இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் பழக்கப்படும். கால் ஓரளவு தாளத்தில் நின்றதும் சதங்கை அணியும் நிகழ்ச்சி, பின்னர் முழுக் கூத்தையும் ஒழுங்குபடுத்திப் பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’, இறுதியில் அரங்கேற்றம், அதன் பின்னும் வீடு வீடாகச் சென்று ஆடும் வழக்கம் உண்டு. பெண் பாத்திரங்களையும் மரபில் ஆண்களே ஆடினர்.

அரங்காகிய வட்டக்களரி, நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க மண்ணால் உயர்த்தி அமைக்கப்படுவது. அதன் நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரி எனப்படும் கைத்தாளத்தோடு தாளக்காரரும், ‘சபையோர்’ என்னும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கூத்தர் இவர்களைச் சுற்றி ஆடுவர். ஓர் அரசனின் வரவை நோக்கினால் இந்நடிப்பின் அமைப்பு தெளிவாகும். முதலில் ஒரு வெள்ளைத் துணி திரையாகப் பிடிக்கப்படும். அதன் பின்னால் சதங்கை ஒலி கேட்கும். மத்தளம் அப்பாத்திரத்துக்குரிய தாளக்கட்டைத் தொடங்கும். திரை விலகியதும் அரசன் பேசுவதில்லை, ஆடுகிறான். களரியைச் சுற்றி எத்திசையில் உள்ளோரும் காணும்படி ஆடி முடித்த பிறகே பாட்டு வருகிறது, அப்பாட்டிலும் அரசன் வந்தான் என்று படர்க்கையில் தன்னைக் குறித்தே பாடுவது உண்டு, பாட்டைச் சபையோர் வாங்கிப் பாடும்போது கூத்தன் மீண்டும் ஆடுகிறான், வசனம் கடைசியில்தான். அதாவது காலடி, தாளம், பாட்டு, வசனம் என்னும் ஒழுங்கில் பாத்திரம் படிப்படியாகக் கட்டப்படுகிறது. மூச்சு வாங்குவதற்கும் இவ்வொழுங்கு இடந்தருகிறது: ஆடும்போது பாடாமலும் பாடும்போது ஆட்டத்தைத் தணித்தும் ஒருவன் விடியும்வரை தாக்குப்பிடிக்க இந்த மாறிமாறி வரும் அமைப்பே காரணம்.

தன்னைப் படர்க்கையில் பாடும் கூத்தன் ‘நானே கர்ணன்’ என்று நம்பவைக்க முயல்வதில்லை. கர்ணனை ஊரின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறான். நாற்புறமும் அமர்ந்திருப்போருள் பலர் அவனுடைய மச்சான்மாரும் மாமன்மாரும். அவன் வயலில் உழுபவன் என்பது அவர்கள் அறிந்ததே. அறிந்திருந்தும் கர்ணன் விழும்போது கண்கலங்குகிறார்கள். நடிகன் உண்மையாகவே உணர வேண்டுமா, உணராமல் உணர்த்த வேண்டுமா என்பது ஐரோப்பிய நாடகச் சிந்தனையில் நீண்ட விவாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோ, பெருநடிகன் குளிர்ந்த மனத்தோடு உணர்ச்சியை உருவாக்குபவன் என்றார். மொஸ்கோ கலை அரங்கை 1898இல் இணைந்து நிறுவிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நடிகனின் அகவுண்மையை வற்புறுத்தினார். 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆற்றுகையைக் கண்ட பிரெக்ட், பாத்திரத்திலிருந்து விலகி நின்று அதனைக் காட்டும் நடிப்பில் தம் கோட்பாட்டுக்கு ஆதரவு கண்டார். கூத்தனின் படர்க்கைப் பாட்டு பிரெக்டை நினைவூட்டினாலும் இரண்டும் ஒன்றல்ல. பிரெக்டின் விலகல் பார்ப்போனைச் சிந்திக்கவைக்க மேற்கொண்ட உத்தி. கூத்தின் விலகல், ஆடுவோனும் பார்ப்போனும் ஒரே ஊரவராக இருப்பதால் இயல்பாகவே அமைவது. அது உணர்ச்சியைத் தடுப்பதில்லை. உணர்ச்சியை ஒருவனுடைய உள்ளத்தில் தேக்காமல் மத்தளம், சபையோர், பார்ப்போர் என அனைவருக்கும் பங்கிடுகிறது.

பேராதனையில் ஒரு திருப்பம்

ஏட்டுக் கல்வியும் களரிக் கல்வியும் சந்தித்தது விபுலாநந்தர் மறைந்து ஒன்றரைத் தசாப்தத்துக்குப் பின்னராகும். 1943 முதல் 1947இல் மறையும்வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவர் இருந்தார். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அதற்கு உந்துதலாக நின்றவற்றுள் ஒன்று, எதிரிவீர சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய ‘மனமே’ என்னும் சிங்கள நாடகம். தமிழ்க் கூத்தோடு உறவுடைய ‘நாடகம’ என்னும் ஆட்டமரபிலிருந்து சிங்கள அரங்கு தனக்கென ஒரு தேசிய வடிவத்தை அமைத்துக்கொண்டபோது, மூலமரபை உடைய தமிழர் அதனைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கிவைத்திருந்தனர். வித்தியானந்தன் அந்நிலையை மாற்றினார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரான சி. மௌனகுரு இராவணனாக ஆடினார்.

இம்மாற்றத்தின் உள்ளீடு என்ன? விடியும்வரை நீண்ட கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் திறந்த களரி ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. நடுவில் நின்ற சபையோர் ஓரத்துக்குச் சென்றனர். பார்வை ஒரே திசையிலிருந்து வந்ததால் முகம் முதன்மை பெற்றது; முகம் முதன்மை பெற்றதால் பாத்திரத்தின் உட்போராட்டத்துக்கு இடம் பிறந்தது. கூத்தில் வீரமும் செருக்குமாகக் கட்டப்பட்ட இராவணன், தன் மைந்தரையும் தம்பியையும் போருக்கு அனுப்பி இழக்கும் அவலநாயகனாக ‘இராவணேசனில்’ உருப்பெற்றான். ‘ஆடுதல்’ முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அதற்குள் ‘நடித்தல்’ நுழைந்துவிட்டது. மௌனகுரு பின்னர் வடமோடி ஆட்டத்தை வைத்து வர்க்கப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘சங்காரம்’ நாடகத்தை ஆக்கியபோது, மன்னர்க்குரிய தாளக்கட்டு உழைப்பாளிக்கும் பொருந்தும் என்பது புலப்பட்டது.

இம்முயற்சிக்கு மாற்றான கருத்தும் கிழக்கிலேயே எழுந்தது. கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசெல்வதைவிட, அதனை ஆடும் சமூகத்தோடு களரியிலேயே இருந்து, பெண்களின் பங்கு, பாத்திரங்களின் சித்திரிப்பு ஆகியவற்றை உரையாடி மாற்ற வேண்டும் என்னும் ‘கூத்து மீளுருவாக்கம்’ சி. ஜெயசங்கரால் முன்வைக்கப்பட்டு, மட்டக்களப்புச் சீலாமுனை ஊரவரோடு செயற்படுத்தப்பட்டது. முதலாவது நோக்கு கூத்தனின் கலையை மதித்தது. இரண்டாவது, கூத்தனும் பார்ப்போனும் பங்கிட்ட உறவை மதித்தது. இரண்டும் கூத்தின் வெவ்வேறு பாதிகளைப் பற்றிக்கொண்டன எனலாம்.

திரையின் கேள்வி

கமரா வந்தபோது நிலைமை முற்றாக மாறியது. களரியில் கூத்தனை ஆயிரம் கண்கள் ஆயிரம் தொலைவுகளிலிருந்து பார்த்தன, விளக்கொளி மங்கலானது, ஆதலால் அசைவு பெரிதாகவே இருக்க வேண்டியிருந்தது. கமராவோ பார்ப்போனை நடிகனின் கண்ணிமைக்கு அருகில் கொண்டுபோய் வைத்தது. தமிழகத்தில் நாடகக் கம்பனிகளில் சிறுவயதிலேயே பயின்று 1952இல் ‘பராசக்தி’ வழியாகத் திரைக்கு வந்த சிவாஜி கணேசன், மேடையின் குரலையும் நிமிர்வையும் அருகண்மைக் காட்சிக்குள் கொண்டுவந்து அதற்கென ஓர் இலக்கணத்தையே அமைத்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக 1960இல் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். அவருடைய நடையில் தாளம் மறைந்திருந்ததால்தான் அந்த மிகை மிகையாகத் தோன்றவில்லை.

ஈழத்தில் தயாரான தமிழ்ப் படங்களுட் பல அந்த வெளிப்புறத்தை மட்டும் பின்பற்ற முயன்றன. மாறாக, காவலூர் ராஜதுரையின் கதைவசனத்தில் தர்மசேன பத்திராஜ 1977இல் தந்த ‘பொன்மணி’, குரலைத் தாழ்த்தி, அசைவைக் குறைத்து, மௌனத்தை நம்பியது; யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் இறுக்கம் பேச்சைவிடப் பேசாமையிலேயே அதில் வெளிப்பட்டது. இத்தகைய நடிப்பில் தாளம் இல்லை என்று கருதுவது பிழை. நின்று, திரும்பி, ஒரு கணம் தாமதித்துப் பேசும் அந்தத் தாமதத்தில் தாளம் உண்டு; மத்தளம்தான் கேட்பதில்லை. உணர்ச்சி உடலில் படுவது என்னும் மெய்ப்பாட்டுக் கொள்கை அருகண்மைக் காட்சிக்கும் செல்லுபடியாகும். உடலின் பரப்பு மட்டுமே கண்ணும் உதடுமாகச் சுருங்கியிருக்கிறது.

எஞ்சியிருப்பது

கூத்துக்கு இரவுகள் வேண்டும். இரவில் ஊர் கூடும் அச்சமின்மை வேண்டும். போர்க்காலத்தில் ஊரடங்கும், 1990ஆம் ஆண்டில் வீரமுனை உள்ளிட்ட ஊர்கள் அனுபவித்த வன்முறையும் இடப்பெயர்வும் அந்த இரவுகளைப் பறித்தன. மேடைநாடகத்தின் பிரதி ஏட்டில் எஞ்சும். கூத்தின் காலடி, ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளாவிட்டால் எஞ்சாது. இன்று கல்லடியில் விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது. நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாகியுள்ளன. அங்கே பயிலும் மாணவருக்கு ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் பிரெக்டும் தேவையே. ஆனால் நடிப்பை உள்ளத்திலிருந்து தொடங்குவதா, உடலிலிருந்து தொடங்குவதா என்று வினவும்போது, அவ்வினாவுக்கு அவர்களுடைய ஊர்களில் முன்பே செய்துகாட்டப்பட்ட விடை ஒன்று உண்டு என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அடியார்க்குநல்லார் தெய்வமுற்றோனை அவிநயப் பட்டியலில் சேர்த்தபோது, உருவேறிய உடலைப் பார்த்து, நினைவு தப்பாமல் அதனைத் திரும்பச் செய்யும் திறனையே கலை என்று கொண்டார். கோயில் முன்றிலில் ஆடியவர் உரு இறங்கியதும், தான் என்ன ஆடினேன் என்று பிறரைக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. களரியில் ஆடியவனுக்கோ, விடிந்தபின் சதங்கையைக் கழற்றிவிட்டு வயலுக்கு நடக்கும்போதும் ஒவ்வோர் அடியும் எண்ணிக்கையோடு நினைவிருக்கும். அடுத்த முறை அண்ணாவியார் மத்தளத்தைத் தொட்டதும் அதே அடியை அதே இடத்தில் அவனால் போட முடியும். இருவருக்கும் வினை ஒன்றாயினும், நடிப்பு என்னும் கலை இந்த இரண்டாவது ஆளிடமிருந்தே தொடங்குகிறது.